சுண்டெலிகளும் துவைக்காத சட்டையும்

கரமனையில் எங்கள் தெருவில் எனக்கு எலி டாக்டர் என்று பெயர். திருவனந்தபுரத்தில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் சுண்டெலிகளை வைத்து மரபணு ஆராய்ச்சி செய்கிறேன் என்று எத்தனை முறை சொன்னாலும், தெருவில் பாதிப் பேர் நான் எலிக்கு வைத்தியம் பார்ப்பதாகவும் மீதிப் பேர் எலி மருந்து தயாரிப்பதாகவும் நம்புகிறார்கள். ஒருநாள் எதிர்வீட்டு மாமா, அடுக்களைக்குள் எலி புகுந்துவிட்டது என்று என்னை அழைத்துப் போனார். போய்ப் பார்த்தால் பெருச்சாளி. மாமி ஏற்கெனவே ஒரு ஸ்டூல் மேல் நின்றுகொண்டிருந்தார். நான் அடுத்த ஸ்டூலில் ஏறிக்கொண்டேன். மாமாதான் துடைப்பத்தை எடுத்து அதை விரட்டினார். "டாக்டர்னு கூப்பிட்டா வேற என்ன பண்ணுவார்? எழுதிக் குடுப்பார்" என்று மாமி சொன்னது வாசல் தாண்டிய பிறகும் எனக்குக் கேட்டது.

நான் பயந்த சுபாவம். பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் வந்தால் "ஆள் இறங்கணும்" என்று சத்தம் போடக் கூச்சப்பட்டு, அடுத்த ஸ்டாப்பில் யாராவது இறங்கும்போது கூடவே இறங்கி, திரும்பி நடந்து வருகிறவன். அப்பாவும் அப்படித்தான். அவர் கல்யாணத்திலேயே பாயசம் தனக்கு வரவில்லை என்று சொல்லத் தயங்கி எழுந்துவிட்டார் என்று அம்மா இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள். அதனால் எங்கள் ஆய்வகத் தலைவி, "பயந்த எலிக்கும் துணிந்த எலிக்கும் மரபணுவில் என்ன வித்தியாசம் என்று பார்க்கப் போகிறோம். யார் எடுத்துக்கொள்கிறீர்கள்?" என்று கேட்டபோது என் கை தானாக உயர்ந்தது. கூட்டத்தில் நான் கை தூக்கியது அதுதான் முதல் தடவை.

வேலை இதுதான். ஆராய்ச்சிக்கூடங்களில் வழக்கமாக வளர்க்கும் சுண்டெலிகள் தலைமுறை தலைமுறையாக நெருங்கிய உறவுக்குள்ளேயே கலந்தவை. ஒன்றைப் பார்த்தால் எல்லாவற்றையும் பார்த்த மாதிரி, அச்சடித்த பிரதிகள். எங்களுடையவை அப்படி அல்ல. உறவில்லாத எலிகளாகத் தேடித்தேடிக் கலந்து வளர்த்தவை. ஒன்று தவிட்டு நிறம், ஒன்று கறுப்பு, ஒன்று குண்டு, ஒன்றுக்கு வால் நீளம், ஒன்று கையில் எடுத்தால் கடிக்கும், ஒன்று கையிலேயே தூங்கும். ஒரு தெரு மனிதர்கள் போல ஒவ்வொன்றும் ஒரு விதம். ஒவ்வொன்றின் எடையையும் வாலையும் குணத்தையும் அளக்க வேண்டும். காதோரத்தில் துளி சதை எடுத்து அதன் மரபணுவைப் படிக்க வேண்டும். பிறகு கம்ப்யூட்டரில், எந்தக் குரோமோசோமில் எந்த இடம் மாறும்போது குணமும் கூடவே மாறுகிறது என்று பார்க்க வேண்டும். அப்படி ஓர் இடம் இருந்தால் படத்தில் மலை மாதிரி ஒரு கூர்முனை எழும்பும். அந்த மலைக்காகத்தான் எங்கள் துறையில் ஆட்கள் தவம் கிடப்பது.

பயத்தை அளக்க ஒரு வெள்ளைப் பெட்டி. மூடி கிடையாது. எலியை உள்ளே விட்டால், பயந்தது சுவரோரமாகவே ஓடும், மூலையில் ஒண்டும். துணிந்தது நடுவுக்கு வந்து சுற்றிப் பார்க்கும். மேலே ஒரு கேமரா. எலிகளுக்கு இருட்டில்தான் சுறுசுறுப்பு என்பதால், பகலிலேயே அறையை இரவாக்கி மங்கலான சிவப்பு விளக்கு போட்டிருப்போம். நான் அறை மூலையில் ஒரு நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருப்பேன். இருமமாட்டேன். கால் மரத்தாலும் மாற்றமாட்டேன். நான் அங்கே இருப்பதே எலிகளுக்குத் தெரியாது என்பதில் எனக்கு ரொம்பப் பெருமை. என்னைக் கவனிக்காமல் போவதற்கு எலிகள் தேவையில்லை, மனிதர்களே போதும் என்பது அப்போது தோன்றவில்லை.

எலிகளைக் குடும்பம் குடும்பமாகப் பிரித்து வைத்திருந்தோம். முதல் பாதிக் குடும்பங்களை நான் அளந்து முடித்தேன். அத்தனையும் பயந்தாங்கொள்ளிகள். சுவரை விட்டு அசையவில்லை. பார்க்கப் பார்க்க எனக்குப் பாசம் பொங்கியது. சொந்தக்காரர்களைப் பார்க்கிற மாதிரி இருந்தது.

இரண்டாம் பாதியைத் தொடங்குமுன், வேலை நல்லபடி முடியட்டும் என்று பழவங்காடி பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கப் போனேன். எலியை வாகனமாக வைத்திருப்பவரிடம் எலி விஷயமாக விண்ணப்பிப்பது நியாயம்தானே. தேங்காயை ஓங்கி உடைத்தேன், அருமையாகச் சிதறியது. திரும்பினேன், யாரோ உடைத்த தேங்காயின் தண்ணீரில் கால் வழுக்கி விழுந்தேன். வலது மணிக்கட்டு முறிந்தது. பக்கத்தில் மாலை விற்றுக்கொண்டிருந்த பெண் என்னைத் தூக்கிவிட்டு, "சாரமில்ல சாமி, போகட்டும், தேங்காய் நல்லாத்தான் உடைஞ்சிருக்கு" என்று தேற்றினார்.

கட்டுப் போட்ட கையோடு எலியைப் பிடிக்க முடியாது. அதனால் இரண்டாம் பாதி முழுவதையும் எங்களிடம் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்திருந்த ஒரு பெண் அளந்தாள். வித்துராவுக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். என்னிடம் தமிழில் ஆரம்பித்து மலையாளத்தில் முடிப்பாள். யாரிடமும் தயக்கமில்லாமல் பேசுவாள். காட்டுப்பன்றி நிற்கிற வழியில் பள்ளிக்கூடம் போனவளுக்கு ஆய்வகத் தலைவியிடம் எதற்குப் பயம்?

கை எலும்பு கூடி நான் திரும்பியபோது எல்லா அளவுகளும் தயாராக இருந்தன. கணக்கைக் கம்ப்யூட்டரில் ஓடவிட்டேன். மலை எழும்பியது. சின்னக் குன்று அல்ல, பொன்முடி மலை மாதிரி. முதல் பாதிக் குடும்பங்கள் பயந்தவை, இரண்டாம் பாதிக் குடும்பங்கள் துணிந்தவை, இரண்டுக்கும் நடுவில் ஒரு குரோமோசோமில் பளிச்சென்று ஒரு வித்தியாசம். நான் கதவைச் சாத்திவிட்டு வந்து மறுபடி பார்த்தேன். அப்படியே இருந்தது.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் சொன்னேன். "பயம் எங்கே இருக்குன்னு கண்டுபிடிச்சுட்டேன்."

"எனக்கு முன்னாடியே தெரியுமே. நம்மாத்துலதான்" என்றாள் அவள்.

நான் விடவில்லை. பயம் என்பது பிறப்பில் வருவது, குரோமோசோமில் எழுதியிருப்பது, அதற்காக ஒருவரைக் குறை சொல்வது அவர் மூக்கைக் குறை சொல்வது மாதிரி என்று விளக்கினேன். அந்தச் சமயத்தில் பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர் தன் காரை எங்கள் கேட்டை அடைத்து நிறுத்திக்கொண்டிருந்தார். நகர்த்தச் சொல்லும்படி மனைவி பல நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் கேட்டுக்கும் காருக்கும் நடுவில் இருக்கிற இடுக்கில் பக்கவாட்டில் நுழைந்து போய் வரப் பழகியிருந்தேன். இப்போது அதற்கு அறிவியல் ஆதாரம் கிடைத்துவிட்டது.

"சொல்லப் போனேளா?" என்று கேட்டால், "என் கையில இல்லையே. அது குரோமோசோம்" என்பேன்.

"அப்போ குரோமோசோமையே வாசல்ல காவலுக்கு நிக்கச் சொல்லுங்கோ" என்பாள்.

ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு கருத்தரங்கில் மலையைக் காட்டிப் பேசினேன். வாழ்க்கையில் முதல்முறையாகக் குரல் நடுங்கவில்லை. கைதட்டினார்கள். யாரோ ஒருவர், மனிதர்களிலும் இது இருக்குமா என்று கேட்டார். "இருப்பதற்கான அறிகுறிகளை நான் தனிப்பட்ட முறையில் கவனித்திருக்கிறேன்" என்று சொன்னேன். நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது. ஆய்வகத் தலைவி மட்டும் சிரிக்காமல் கேட்டுவிட்டு, "நல்லது. கட்டுரை எழுதுமுன் பயந்த குடும்பங்களில் புதிதாகப் பிறந்த குட்டிகளை வளர்த்து இன்னொரு முறை அளந்துவிடுங்கள்" என்றார்.

எனக்கு மணிக்கட்டில் இன்னும் வலி இருந்தது. அதனால் அந்த அளவுகளையும் மாணவியே எடுத்தாள். முதல் நாளே என் அறைக்கு வந்தாள்.

"சார், இது பயந்த கூட்டம்தானே?"

"ஆமாம். பரம்பரைப் பயம்."

"இதுங்க பெட்டி நடுவுல உக்காந்து மூஞ்சி கழுவுதுங்க சார்."

"பெட்டியைச் சரியா துடைச்சியா? வேற கூண்டு எலியை எடுத்துட்டு வந்துட்டியா?"

"காது அடையாளம் பார்த்துத்தான் எடுத்தேன். ஒண்ணும் மாறலை."

அவளை அனுப்பிவிட்டு, அனுபவம் போதாது என்று மனசுக்குள் அவளுக்காக இரக்கப்பட்டேன். அடுத்து வந்த நாட்களிலும் அதே கதைதான். பயந்த பெற்றோருக்குப் பிறந்த குட்டிகள் பெட்டிக்குள் உலாவின. நான் கேமராவைச் சந்தேகப்பட்டேன், விளக்கைச் சந்தேகப்பட்டேன், தீவனத்தைச் சந்தேகப்பட்டேன்.

அப்புறம் ஒருநாள் மதியம் அவள் வேகமாக வந்தாள். "சார், இன்னைக்கு எல்லாம் பயந்துடுச்சு. சுவரோரமா ஒட்டிக்கிட்டு ஒரே புழுக்கை. நேத்து நடுவுல விளையாடினதோட கூடப் பிறந்ததுங்கதான்."

எனக்கு உயிர் வந்தது. "பார்த்தியா! நான் சொன்னேனே."

"நில்லுங்க சார். இன்னைக்கு ஒண்ணே ஒண்ணுதான் வேற. என் லேப் கோட் சலவைக்குப் போயிட்டு வரலை. ஆணியில மாட்டியிருந்த உங்க கோட்டைப் போட்டுக்கிட்டுப் போனேன்."

என் கோட்டைச் சலவைக்குப் போடுவதில் நான் அவ்வளவு கறாராக இருப்பதில்லை.

"கோட்டுல என்ன இருக்கு?" என்றேன்.

"நீங்கதான் சார் இருக்கீங்க" என்றாள். பிறகு, அவளுக்கே சங்கடமாகப் போய், "மணம்னு சொன்னேன்" என்று சேர்த்துக்கொண்டாள்.

இருவரும் ஆய்வகத் தலைவியிடம் போனோம். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். ஆண்களின் வாசனை பட்டால் எலிகள் மிரளும் என்பது தெரிந்த விஷயம்தானே, நீங்கள் படித்ததில்லையா என்றார். படித்திருந்தேன். அதுதான் கொடுமை. படித்தபோது, அது வேறு மாதிரி ஆண்களைப் பற்றியது என்று நினைத்துக்கொண்டேன். வாட்டசாட்டமான, அதட்டிப் பேசுகிற ஆண்கள். என்னைக் கண்டு ஓர் உயிர் பயப்படும் என்று எனக்கு எப்படித் தோன்றும்?

நடந்தது தெளிவாகிவிட்டது. முதல் பாதிக் குடும்பங்களை நான் அளந்தேன், அவை என் வாசனையில் ஒடுங்கின. இரண்டாம் பாதியை அவள் அளந்தாள், அவை இயல்பாக நடமாடின. இரு பாதிகளும் வெவ்வேறு குடும்பங்கள் என்பதால் மரபணுவில் எங்கேயோ ஒரு வித்தியாசம் இருக்கத்தான் செய்யும். கம்ப்யூட்டர் பாவம், பயத்தையும் அந்த வித்தியாசத்தையும் முடிச்சுப் போட்டு மலையாகக் காட்டிவிட்டது. அறையின் சூடு, வெளிச்சம், நேரம் எல்லாவற்றையும் நான் கணக்கில் சேர்த்திருந்தேன். மூலையில் உட்கார்ந்திருந்த ஆளைச் சேர்க்கவில்லை.

"சந்தேகமாகவே விடக்கூடாது" என்றார் தலைவி. "ஆள் இல்லாமல் சட்டையை மட்டும் வைத்துப் பாருங்கள். உங்களுடையது, அவளுடையது, யாருமே போடாத புதுச் சட்டை. உங்களுடையது மட்டும் போதாது. வேறு ஆண்களிடமும் வாங்குங்கள்."

வீட்டில் விஷயத்தைச் சொல்லாமல் முடியாது. மனைவி என் சட்டையைத் துவைக்க எடுக்கும்போது தடுத்தேன்.

"வேண்டாம். நாளைக்கும் இதையே போட்டுண்டு அப்புறம் ஆபீசுக்கு எடுத்துண்டு போகணும்."

"எதுக்கு?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சட்டையைக் கையில் பிடித்தபடியே கட்டிலில் உட்கார்ந்து சிரித்தாள். அடக்கப் பார்த்து முடியாமல் மறுபடி சிரித்தாள். "எலியாவது உங்களைக் கண்டு பயப்படறதேன்னு சந்தோஷப்படுங்கோ" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்போ அந்தக் குரோமோசோம்?" என்று கேட்டாள்.

"இல்லை. அப்படி ஒண்ணு கிடையாது. இப்போதைக்கு."

"அப்போ போய்க் காரை எடுக்கச் சொல்லுங்கோ."

தப்ப வழியில்லை. போனேன். மணி அடித்தேன். பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் திறந்ததும் வரும் வழியில் ஒத்திகை பார்த்த வாக்கியம் மறந்துபோய், "கார்..." என்று மட்டும் சொன்னேன். அவர் பதறிவிட்டார். "அய்யோ, சோரி சாரே! அது உங்க கேட்டா? சாத்தியே கிடக்கவும் ஆள் தாமசம் இல்லை, யாரும் குடியில்லைன்னு நெனச்சேன்" என்று அப்போதே ஓடிவந்து நகர்த்தினார். நான் சொல்ல வேண்டியிருந்தது அந்த ஒரு சொல்தான்.

மற்ற ஆண்களின் சட்டை வாங்குவது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. முதலில் கணக்குப் பிரிவுக் கண்காணிப்பாளரிடம் போனேன். மரியாதையான மனிதர், ஓய்வு பெறப் போகிறவர். மேசைக்கு எதிரே நின்று கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தேன்.

"என்ன வேணும் சாரே?"

"உங்க பழைய சட்டை ஒண்ணு கிடைக்குமா?"

அவர் என்னை மேலிருந்து கீழே பார்த்தார். நான் அன்று பரிசோதனைக்காகத் தொடர்ந்து அணிந்திருந்த சட்டையில் இருந்தேன். அவர் முகம் கனிந்தது. தோளில் தட்டி, "நாளைக்குக் கொண்டுவரேன். யாரோடயும் பறையண்டா, நானும் சொல்ல மாட்டேன்" என்றார். மறுநாள் நன்றாகத் துவைத்து இஸ்திரி போட்ட இரண்டு சட்டைகளும், கூடவே ஒரு வேட்டியும் பையில் வைத்துக் கொடுத்தார். அவருக்கு விளக்க எனக்கு வாய் வரவில்லை. வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மாணவிதான் பையோடு என்னைத் திரும்ப அழைத்துப் போனாள். "சார், இவருக்குச் சட்டைக்கு ஒரு குறைவும் இல்லை. எங்களுக்கு உங்க அலக்காத, துவைக்காத சட்டைதான் வேணும். எலிக்கு" என்று போட்டு உடைத்தாள். அவர் இன்னும் குழம்பினார். ஆனால் சாயங்காலம் அலுவலகம் முடிந்ததும் பனியனோடு ஒரு பக்கமாகத் திரும்பி நின்று சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, என்னிடம் கொடுத்த இஸ்திரிச் சட்டைகளில் ஒன்றைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார். அவருக்குப் பிறகு தோட்டக்காரர், நூலகர் என்று இன்னும் சிலர் கொடுத்தார்கள்.

சட்டைகளை மட்டும் வைத்துப் பார்த்தோம். அவளுடைய துப்பட்டாவுக்கும் புதுச் சட்டைக்கும் எலிகள் அசரவில்லை. ஆண்களின் சட்டை எதை வைத்தாலும் ஒண்டின. என் சட்டைக்கும் கணக்குப் பிரிவுக்காரர் சட்டைக்கும் சொல்லிக்கொள்கிற மாதிரி வேறுபாடு எதுவும் இல்லை. என்னிடம் விசேஷமாக ஏதோ ஒரு பயங்கரம் இருக்கிறது என்று உள்ளூர ஒரு நம்பிக்கை வளர்ந்திருந்தது. அதுவும் போயிற்று.

யார் அளந்தது என்பதையும் சேர்த்துக் கணக்கை மறுபடி ஓடவிட்டோம். என் பொன்முடி சமதரையாயிற்று. நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாணவி பக்கத்தில் நின்று, "எடைக்கு ஒண்ணு நிக்குது சார்" என்றாள். நின்றது. உடல் எடைக்கு ஒரு சின்ன முனை, வால் நீளத்துக்கு ஒன்று. தராசுக்கும் அளவுகோலுக்கும் நான் ஆணா பெண்ணா என்பது பொருட்டில்லை போலிருக்கிறது. அதை வைத்து அவள் பெயரை முதலாவதாகப் போட்டுக் கட்டுரை எழுதினோம். கைதட்டிய அதே கூடத்தில் நான் மறுபடி நின்று, மலை ஏன் மறைந்தது என்று சொன்னேன். இந்த முறை குரல் நடுங்கியது. ஆனால் கேள்விகள் அதிகம் வந்தது இந்தக் கூட்டத்தில்தான்.

நான் எலி அறைக்குள் போகக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கொஞ்ச நாள் கம்ப்யூட்டரோடு மட்டும் குடித்தனம் நடத்தினேன். அப்புறம் மாணவி பழைய கேமராப் படங்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து ஒன்றைக் கண்டுபிடித்தாள். நான் மூலையில் இருந்தபோதும், சட்டையை வைத்தபோதும், எல்லா எலியும் ஒரே அளவில் மிரளவில்லை. சில உறைந்துபோயின. சில கொஞ்சம் தயங்கிவிட்டு வேலையைப் பார்த்தன. ஒன்றிரண்டு சட்டை செய்யவே இல்லை.

"ஒரே சட்டை, ஒரே பெட்டி. அப்போ வித்தியாசம் எலியிலதானே சார்?" என்றாள். "இதையே அளந்தா என்ன?"

தலைவி உடனே ஒப்புக்கொண்டார். பயத்துக்குக் காரணம் ஆள் என்றால், அதே ஆளை எல்லா எலிக்கும் ஒரே மாதிரி காட்டி, எது எவ்வளவு பயப்படுகிறது என்று பார்க்கலாம். ஆளை மாற்றக்கூடாது. அதே நாற்காலி, அதே தூரம். எல்லாக் குடும்பத்துக்கும் சமமாக.

"யார் உட்காருவது?" என்று நான் கேட்டேன். இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

அப்படித்தான் நான் மறுபடி அந்தச் சிவப்பு விளக்கு அறைக்குள் அனுமதிக்கப்பட்டேன், ஆராய்ச்சியாளனாக அல்ல, உபகரணமாக. சோப்பு மாற்றக்கூடாது, சென்ட் கூடாது, வெங்காய பஜ்ஜி கூடாது என்று மாணவி எனக்கு விதிகள் போட்டிருக்கிறாள். அவள் அடுத்த அறையில் திரை முன்னால் உட்கார்ந்து குரல் கொடுப்பாள்.

போன வாரம் ஒரு தவிட்டு நிறப் பெண் எலி. பெட்டிக்குள் விட்டதும் ஒரு சுற்று ஓடியது. மூக்கைத் தூக்கி என் திசையில் முகர்ந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். நேராக நடுவுக்கு வந்து, பின்னங்காலில் எழுந்து நின்று, என்னைப் பார்த்தபடியே முன்னங்கையால் மீசையை நீவிவிட்டுக்கொண்டது. அவசரமே இல்லை.

"சார், இது உங்களை வகைவைக்கவே இல்லை, சட்டையே பண்ணலை!" என்று ஒலிபெருக்கியில் மாணவி குரல் துள்ளியது. "சூப்பர் எலி சார்!"

எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. கொஞ்சம் ரோஷமாகவும் இருந்தது. நாற்காலியில் சற்று நிமிர்ந்து உட்கார்ந்து பார்த்தேன்.

"அசையாதீங்க சார்" என்றாள்.